சைபர் போட்ட தம்பிக்கு

ஈஸ்ட் கார்வின், வெர்மான்ட்
ஜனவரி 21, புதன்கிழமை

அன்புள்ள தம்பி ஆர்லோவுக்கு,

உன் அக்கா வெர்னா எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே ஃப்ளோரிடா வெயிலில் நீயும் மார்சியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் என்றால் இப்படி ஆரம்பிப்பதுதான் மரியாதை, அதனால் ஆரம்பித்திருக்கிறேன். மரியாதை இதோடு முடிந்தது. போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. அடியில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அங்கே கையெழுத்துப் போட்டு, ஒரு நோட்டரியிடம் முத்திரை வாங்கி, முப்பதாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கிற மாதிரி திருப்பி அனுப்பு. போட மாட்டேன் என்று போனில் சொன்னாய். போடுவாய். ஏன் போடுவாய் என்பதைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்.

போன செப்டம்பரில் மலைமேல் இருந்த உன் வீட்டை, நியூயார்க்கிலிருந்து வந்த அந்த சேத்துக்கு நாலு லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு மூட்டை கட்டினாய். சந்தோஷம். ஆனால் ஊர் ஏட்டில் அந்த வீட்டுக்கு எழுதியிருக்கிற மதிப்பு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். எழுதினது நான். ஊர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மதிப்பீட்டாளர் நான்தான் என்பதை நீ மறந்திருந்தாலும் ஊர் மறக்கவில்லை. பதினாலு வருஷமாக எல்லா வீட்டையும் ஒரு தடவை புதுசாக மதிப்புப் போடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து எழுந்து சொல்கிறேன், செலவாகும் என்று பதினாலு வருஷமும் தோற்கடிக்கிறார்கள். நீயும் கை தூக்கினவன்தானே, அதுவும் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு.

இப்போது மாநிலத் தலைநகரத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒவ்வொரு ஊரிலும் மூன்று வருஷத்தில் விற்ற வீடுகளையெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள். ஏட்டில் எழுதின மதிப்பை ஒரு பக்கம் கூட்டி, கைமாறின விலையை இன்னொரு பக்கம் கூட்டி, முதலாவதை இரண்டாவதால் வகுக்கிறார்கள். வருவதுதான் ஊரின் விகிதம். நூறுக்குப் பக்கத்தில் இருந்தால் ஏடு உண்மை பேசுகிறது என்று அர்த்தம். குறைந்தால், இந்த ஊர்க்காரர்கள் வீட்டு மதிப்பையெல்லாம் குறைத்து எழுதிப் பள்ளிக்கூட வரியை ஏய்க்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு, அந்தக் குறைக்குத் தகுந்தமாதிரி வரியை ஏற்றிவிடுவார்கள். பெரிய ஊரில் இருநூறு வீடு விற்றிருக்கும், அதில் ஒருவன் கிறுக்குத்தனமாக விற்றாலும் வாங்கினாலும் யாருக்கும் உறைக்காது. நம் ஊரில் மூன்று வருஷத்தில் விற்றது ஆறே வீடு. உன்னுடையதை விட்டுவிட்டால் மற்ற ஐந்தும் ஏட்டில் ஏழு லட்சம், விற்றது ஏழு லட்சத்து அறுபதாயிரம். விகிதம் தொண்ணூற்றிரண்டு. தங்கமான விகிதம். உன் வீட்டைச் சேர்த்தால் எழுபது! ஒரே வீடு, ஒரே ஆள், ஒரே கையெழுத்து. போன வருஷம் நூறு டாலர் கட்டினவன் இந்த வருஷம் நூற்று முப்பத்திரண்டு கட்டணும். ஆற்றோரத்தில் ஒழுகுகிற டிரெய்லர் வீட்டில் இருக்கிறானே கிழவன் மெரில், அவன் வீடு ஒரு டாலர்கூட ஏறவில்லை. நீ மலைமேல் வாங்கின விலைக்கு அவன் பள்ளத்தில் உட்கார்ந்து வரி கட்டுவான்.

வரி ஏறினால் ஏறிவிட்டுப் போகட்டும், நாலு நாள் முணுமுணுத்துவிட்டுக் கட்டுவார்கள் என்று நீ சொன்னாய். கட்ட மாட்டார்கள். டெக்ஸ்டர் இருக்கிறானே, எனக்கு அடுத்த பண்ணைக்காரன், அவன் மார்ச் முதல் செவ்வாய் ஊர்க்கூட்டத்துக்குத் தீர்மானம் எழுதிக் கொடுத்தாயிற்று. விகிதம் எழுபதிலேயே நின்றால் நம் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, முப்பத்தொரு பிள்ளைகளையும் பேருந்தில் ஏற்றி ப்ரெஸ்காட் பள்ளிக்கு அனுப்புவது என்று. கையெழுத்துப் போட்டவர்கள் நாற்பத்தேழு பேர். ப்ரெஸ்காட்டுக்கு ஓநாய்க் கணவாய் ஒன்றுதான் வழி. இருபத்தொன்பது வருஷம் பெரிய பிள்ளைகளை அந்தக் கணவாய் வழியாக உயர்நிலைப் பள்ளிக்கு ஓட்டிக்கொண்டு போனவள் நான். ஒரு பிப்ரவரியில் வண்டி திரும்பாமல் பக்கவாட்டிலேயே நாற்பது அடி போனது. பின்னால் பதினாறு வயசுத் தடியன்கள் அம்மா அம்மா என்று அழுதார்கள். நான் அழவில்லை. ஆனால் ப்ரெஸ்காட் போய்ச் சேர்ந்ததும் ஸ்டியரிங்கிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அந்த வழியில் ஆறு வயசுப் பிள்ளைகளைத் தினம் இரண்டு தடவை அனுப்புவதற்கு, நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் விட மாட்டேன். விஷயம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் வெறும் வகுத்தல் கணக்கு.

வழி இல்லாமல் இல்லை. தலைநகரத்து அலுவலகத்தில் விட்டேகர் என்று ஒருவர், நல்ல மனிதர், நான் கத்தினாலும் கத்தாமல் பேசுகிறார். அவர் சொன்னார்: "அம்மா, வீட்டோட சேர்த்து டிராக்டர், படகுன்னு மதிப்புள்ள சாமானும் நிறைய கைமாறியிருந்தா, அந்த விற்பனையை நாங்க கணக்குலயே சேர்க்க மாட்டோம். பிப்ரவரி நாலாம் தேதி வரைக்கும் மேல்முறையீடு பண்ணலாம்." எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து ஆடணும்போல இருந்தது. அடுத்த வார்த்தையிலேயே உட்கார வைத்துவிட்டார். "ஆனா விற்பனைப் படிவத்துல, சேர்த்துக் கொடுத்த சாமான்களோட மதிப்புங்கற இடத்துல, சைபர்னு எழுதியிருக்கே?"

சைபர்! நீ சேர்த்துக் கொடுத்தது என்ன என்று நான் சொல்லட்டுமா? ஓடுகிற டிராக்டர் ஒன்று. பனி தள்ளும் தகடு மாட்டின டிரக் ஒன்று. மேப்பிள் பாகு காய்ச்சுகிற பெரிய தொட்டியும் அடுப்பும், அதற்கு மரச்சாறு பிடிக்கிற வாளிகள் அறுநூறு. மிதவைப் படகு ஒன்று, பனி வண்டி இரண்டு, பிளந்து அடுக்கின விறகு ஒரு கொட்டகை நிறைய, கோழி பதினொன்று, கூடத்துச் சுவரில் மூஸ் மான் தலை ஒன்று. ஒரு ஸ்பூன்கூட ஃப்ளோரிடாவுக்கு வரக்கூடாது என்று மார்சி சொன்னாள், நீயும் கையைக் குலுக்கி எல்லாத்தையும் எடுத்துக்கோப்பா என்று விட்டுவிட்டுப் போனாய். தாராளம்தான். ஆனால் கொடுத்ததைக் கொடுத்தேன் என்று எழுதுவதற்கு என்ன கேடு? வக்கீலுக்கு முன்னூறு டாலர் கொடுக்க மனசு வராமல் நீங்களே படிவத்தை நிரப்பினால் இப்படித்தான் ஆகும். நம் ஊர் ஆட்களுக்கே இது ஒரு வியாதி. தன் பொருளுக்குத் தானே விலை சொல்வது பெருமை அடிப்பது என்று நினைத்துக்கொண்டு, ஐயோ இது என்ன பெரிய சாமான், சும்மா கிடந்தது என்பார்கள். அந்தச் சும்மா இப்போது முப்பத்தொரு பிள்ளைகளைக் கணவாயில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறது.

முதல் தடவை போன் பண்ணினபோது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அக்கா, நாலு லட்சம் என் வீட்டுக்குக் கிடைச்ச விலை. மான் தலைக்கா குடுத்தான்? இங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், என் வீடு நாலு லட்சம்னு." இரண்டாம் தடவை நான் தாளைப் பற்றிச் சொன்னேன், 'தவறுதலாக நான் சைபர் என்று எழுதிவிட்டேன்' என்று ஒரே ஒரு வரிதான் அதில் இருக்கிறது என்று படித்தும் காட்டினேன். அதற்கு நீ, "அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்க்கா. அது பொய்" என்றாய். பொய்யா? கோழி பொய்யா, டிராக்டர் பொய்யா? "அக்கா, அந்தச் சைபர் வந்து..." என்று ஆரம்பித்தாய், நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாய். மூன்றாம் தடவை மார்சி எடுத்து, நீ எங்கேயோ வட்டு தள்ளி விளையாடப் போயிருக்கிறாய் என்றாள். பின்னால் நீ இருமுகிற சத்தம் கேட்டது. உன் இருமல் எனக்குத் தெரியாதா? ஒரு ஆண் பிள்ளைக்கு இவ்வளவு வீம்பு கூடாது. நாலு லட்சத்துக்கு விற்ற பெருமையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அங்கே நீ வெயில் காய்கிறாய், இங்கே என் வாசலில் பனி மூன்றடி. டெக்ஸ்டர்தான் வழக்கமாகத் தள்ளிக் கொடுப்பான். இந்த வருஷம் என் வாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுத்தமாகத் தள்ளிவிட்டு, என் வாசலை மட்டும் பூப்போலத் தொடாமல் விட்டிருக்கிறான்.

நீ போட மாட்டாய் என்றால் வாங்கினவன் போடட்டும் என்று போன சனிக்கிழமை நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மலைமேல் போனேன். நான் செய்த முட்டாள்தனம் அந்த நோட்டுப் புத்தகம். மதிப்பீட்டாளர் நோட்டும் கையுமாக வாசலில் வந்து நின்றால் வீட்டுக்காரன் என்ன நினைப்பான்? வரியை ஏற்ற வந்துவிட்டாள் என்றுதான் நினைப்பான். நாலே மாதத்தில் அந்த சேத் நம் ஊர் ஆளாகவே மாறிவிட்டான், கதவைப் பாதி திறக்கும்போதே ஆரம்பித்தான்.

"வாங்கம்மா, வாங்க. வீடு ரொம்ப மோசமா இருக்கு, பார்த்து வாங்க."

"டிராக்டர் எப்படி ஓடுது?" என்றேன்.

"எது? ஓ, அதுவா? அது ஓடறதே இல்லை. சும்மா அழகுக்கு நிக்குது."

வரும்போதே நான் தொட்டுப் பார்த்திருந்தேன். இஞ்சின் சுட்டது.

"படகு?"

"ஓட்டை."

"பாகு காய்ச்சற தொட்டி?"

"அதுல செடி வைக்கலாம்னு இருக்கோம்."

"விறகு?"

"எல்லாம் ஈரம்மா. புகைதான் வருது." அவன் முதுகுக்குப் பின்னால் அடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது.

"கோழி?"

"கோழியா, முட்டையே போடறதில்லை" என்று அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் பெண்டாட்டி இமோஜென் கூடை நிறைய முட்டையோடு உள்ளே வந்து, "சேத், இன்னிக்கு ஒன்பது!" என்றாள். அவன் காது சிவந்துபோனது. எனக்கு மேப்பிள் பாகு போட்டு ஒரு காபி கொடுத்தார்கள். மரியாதைக்காகக் குடித்தேன்.

பிறகு உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னேன். வரியை ஏற்ற வரவில்லை, இறக்க வந்திருக்கிறேன், சாமான்களுக்கு மதிப்பு கூடினால்தான் நல்லது என்று. புரிந்ததும் ஆள் அப்படியே தலைகீழாக மாறினான். படகு முதல் தரமாம். டிராக்டர் மாதிரி டிராக்டர் இந்த மாவட்டத்திலேயே இல்லையாம். கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பால் கேனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, "இது ஒண்ணு மட்டும் முன்னூறு டாலர். நியூயார்க்ல கடையில வெச்சு விக்கறாங்க" என்றான். அதில்தான் நான் சின்ன வயசில் சாணித் தண்ணீர் சுமந்தேன் என்று சொன்னேன், நானூறு ஆக்கிவிட்டான். நான் நேர்மையாகப் பாதியை அடிக்க, அவன் ஏற்ற, இப்படியே போய் நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியது. அந்தப் பட்டியலுக்கு அடியில் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினேன். பேனாவை வாங்கினவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அம்மா, ஒரு நிமிஷம். சாமானே இவ்வளவுன்னா, அப்ப நான் வாங்கின வீடு எவ்வளவு?"

"அதைப் பத்தி உங்களுக்கு என்ன கவலை? நல்ல வீடு."

"இல்லைம்மா. உங்க தம்பி நாலு இருபது கேட்டாரு. ரெண்டு நாள் பேரம் பேசி நாலுக்கு இறக்கினேன். நியூயார்க்ல என் சினேகிதங்க எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, அடிமாட்டு விலைக்கு ஒரு வீடு அமுக்கிட்டேன்னு. இதுல கையெழுத்துப் போட்டா நான் கோழிக்கும் கேனுக்கும் காசு குடுத்த ஏமாளின்னு ஆயிடும்ல?"

விற்றவனுக்கும் பெருமை, வாங்கினவனுக்கும் பெருமை! இமோஜென் தங்கமான பெண். "நான் போடறேன், குடுங்க. நம்ம ரெட்டைப் பொண்ணுங்களும் அடுத்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகணும், தெரியும்ல?" என்று அவனைப் பார்த்துக் கேட்டாள். ஆனால் பத்திரத்தில் அவன் பேர் மட்டும்தான் இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றான். யோசிக்கட்டும். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் போன் பண்ணினேன், இன்னும் யோசிக்கிறானாம்.

மலையிலிருந்து இறங்கும்போது, தேவாலயத் திருப்பத்தில், என் கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இருபத்தொன்பது வருஷம் பேருந்து ஓட்டினவள், ஊர் பார்க்கப் பள்ளத்தில் கிடக்கிறேன். யார் வந்தது என்று நினைக்கிறாய்? டெக்ஸ்டர்தான், டிராக்டரில். இறங்கி வந்து, மெதுவாகக் கையுறையைக் கழற்றி, மெதுவாக மாட்டி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

"ஏம்மா வெர்னா, நம்ம ஊர் விகிதம் இப்ப என்ன?"

"எழுபது" என்றேன். வேறு என்ன சொல்வது?

"சரி, அப்ப நூத்துக்கு எழுபது இழுக்கறேன்."

சங்கிலியை மாட்டினான். இழுத்தான். முன் சக்கரம் இரண்டும் ரோட்டுக்கு வந்தது, பின் சக்கரம் பள்ளத்திலேயே இருக்கிறது, சங்கிலியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு, "மாடு கறக்க நேரமாச்சு" என்று போய்விட்டான். வானத்தைப் பார்த்துக்கொண்டு, மூக்குத் தூக்கின காரில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வழியாகப் போன ஒவ்வொருவரும் வண்டியை நிறுத்தி, என்ன ஏது என்று விசாரித்து, டெக்ஸ்டர் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் இழுக்கவில்லை. அவன் இழுத்ததில் நாங்கள் கைவைப்பது நியாயமில்லை என்றார்கள். கறந்து முடித்துவிட்டு அவனே வந்தான், பிளாஸ்கில் சூடாகக் காபியும் கொண்டுவந்தான், மிச்ச முப்பதையும் இழுத்துவிட்டான்.

காபியை நான் குடித்துக்கொண்டிருக்கும்போது, டயரை உதைத்துக்கொண்டே சொன்னான்: "எனக்குப் பள்ளிக்கூடத்து மேல என்ன கோபம் வெர்னா? என் பேத்தியே ஒண்ணாங்கிளாஸ்ல இருக்கா. பால் விலை ஏறல, வரி மட்டும் ஏறுது. எதையாவது மூடித்தான் ஆகணும். மாட்டை மூட முடியுமா, சொல்லு?" அவன் பேத்தி ரோஸ்லினுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது. போன வாரம் கடையில் என்னைப் பார்த்து, "நீங்கதான் எங்க பள்ளிக்கூடத்தை மூடறீங்களா?" என்று கேட்டாள். ஆர்லோ, அதற்கு நான் பதில் சொல்லவில்லை. உன் பேரைச் சொல்லியிருக்க வேண்டும். குழந்தை பார்த்துக்கொண்டு நிற்கும்போது தம்பியைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன் என்று எழுத மாட்டேன், ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஆகவே கவனமாகக் கேட்டுக்கொள். நான் விடுவதாக இல்லை. ஊர் எழுத்தர் யூனிஸிடம் அந்தப் படிவத்தின் நகல் கேட்டிருக்கிறேன். அவள் அலுவலகம் திறப்பது செவ்வாயும் வியாழனும் காலை மட்டும், அதிலும் நகல் எடுக்கிற இயந்திரம் மின்னல் வெட்டுவதுபோல் ஒரு தடவை ஒளி காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. சரி செய்ய ஆள் வந்திருக்கிறான், நாளைக்குத் தருகிறேன் என்றாள். நகல் கைக்கு வந்ததும், உன் சைபரைப் பெரிதாக்கி, கடை வாசலில் ஒட்டுவேன். முப்பதாம் தேதிக்குள் உன் கையெழுத்து வராவிட்டால், முப்பத்தொன்றாம் தேதி பஸ் ஏறுவேன். முப்பத்தெட்டு மணி நேரம் உட்கார என் முதுகு தாங்காது, ஆனாலும் ஏறுவேன். வந்து இறங்கி, நீ வட்டு தள்ளுகிற இடத்தில், உன் புதுச் சினேகிதர்கள் எல்லார் முன்னாலும், நாலு லட்சத்தில் கோழி எவ்வளவு, படகு எவ்வளவு என்று சத்தமாகப் படிப்பேன். பேருந்து ஓட்டினவள் தொண்டை உனக்குத் தெரியும். அதற்கும் நீ மசியவில்லை என்றால், உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நீ மார்சியுடைய அப்பாவின் காரை ஏரிக்குள் விட்டது கரடி துரத்தினதால் இல்லை என்பதை மார்சிக்குச் சொல்லிவிடுவேன். நாற்பத்தொரு வருஷமாகக் காப்பாற்றின வாய் இது. தப்பு செய்தவன் தப்பு செய்தேன் என்று ஒரு வரி எழுதுவதில் யாருக்கும் கிரீடம் விழுந்துவிடாது. நானாக இருந்தால் கேட்டவுடனே எழுதிக் கொடுத்துவிட்டு மறுவேலை பார்த்திருப்பேன்.

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். மெரிலின் டிரெய்லருக்குக் கூரைமேல் புதுத் தார்ப்பாய் போட்டோம். மார்சிக்கு என் அன்பைச் சொல், அவள் கேட்ட பீன்ஸ் பக்குவத்தைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். முதலை இருக்கிற தண்ணீர்ப் பக்கம் போகாதே. வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள். நீயும் அவளும் நூறு வயசு இருந்து, ஆனால் முதலில் முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு, சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்தும்,

உன் அக்கா,
வெர்னா பெல்கி
(மதிப்பீட்டாளர், ஈஸ்ட் கார்வின்)

பின்குறிப்பு. வியாழக்கிழமை, மதியம்.

காலையில் யூனிஸ் நகலைக் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். சைபருக்கு நடுவில் குறுக்காக ஒரு கோடு இருந்தது. யூனிஸ் பென்சில் சீவிக்கொண்டே கேட்டாள்: "இந்த ஊர்ல சைபருக்கு நடுவுல கோடு போடறது யாரு வெர்னா?"

நான்தான். ஆறோடு குழம்பக்கூடாது என்று ஏட்டில் இத்தனை வருஷமாகப் போடுகிற கோடு. அதைப் பார்த்ததும் எல்லாம் வந்துவிட்டது. உன் சமையலறையில் பெட்டிகளுக்கு நடுவில், டிராக்டருக்கு எவ்வளவு போடறதுக்கா என்று நீ கேட்டாய். "உன் குப்பைக்கெல்லாம் யாருடா விலை போடுவா? பேனாவக் குடு" என்று நான் பிடுங்கி எழுதினேன். அதற்கு முன்னால் நீ ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளலாமா என்றாய், முன்னூறு டாலர் உனக்கு மரத்தில் காய்க்கிறதா என்று கேட்டவளும் நான்தான். அது பொய் என்று போனில் நீ சொன்னது இதைத்தான். நீதான் போட்டாய் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எழுத வந்தேன். சொல்ல விட்டேனா என்று நீ கேட்பாய். விடவில்லை.

விட்டேகருக்கு உடனே போன் பண்ணினேன். "எழுதினது நீங்கன்னா உங்க வாக்குமூலமே போதும்மா" என்றார். யூனிஸ் முன்னாலேயே கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, அனுப்பியாயிற்று. கேட்டவுடனே எழுதிக் கொடுப்பேன் என்று மேலே எழுதியிருக்கிறேன் பார், எழுத முக்கால் மணி நேரம் ஆனது. உன் விற்பனையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள், விகிதம் தொண்ணூற்றிரண்டுக்கே போய்விடும் என்கிறார். டெக்ஸ்டர் தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறானாம், ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று அந்தச் சைபர் யார் போட்டது என்று நானே என் வாயால் சொன்னால். சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். ரோஸ்லினும் வருவாள், அவளுக்கும் அப்போது பதில் சொன்ன மாதிரி ஆகும். ஆனால் தனியாக எழுந்து நிற்க எனக்குத் தைரியம் போதாது தம்பி. மார்ச் முதல் செவ்வாய்க்கு வந்து என் பக்கத்தில் உட்கார்.

தாளில் கையெழுத்துப் போடாதே. இந்தக் கடிதத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் எடுத்தேன். ஆனால் உறைமேல் தபால்தலை ஒட்டியாயிற்று, உள்ளே இருப்பதும் ஆறு பக்கம், வீணாக்க மனசு வரவில்லை. திட்டினதையெல்லாம் பத்திரமாக வைத்துக்கொள். இதற்குப் பொருந்தாவிட்டாலும் நீ செய்திருக்கிற வேறு எதற்காவது பொருந்தும்.